சுரண்டிய கை

போன வாரக் கதையில் தட்டைப் பாதியில் தள்ளிவிட்டு எழுந்து போனாளே பெரியவள், அவள் இரவெல்லாம் தலையணையை நனைத்திருப்பாள் என்று நீங்கள் நினைத்திருந்தால் ஏமாந்தீர்கள். படுத்ததும் தூங்கிவிட்டாள். கோபம் வந்தால் அவளுக்கு நன்றாகத் தூக்கம் வரும். அம்மா விட்டுப்போன சொத்தில் அவள் பங்குக்கு வந்தது அதுதான்.

தூங்காமல் புரண்டது அப்பாவும் தம்பியும்.

சண்டை எதற்கென்று மறந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரியவள் வேலை பார்க்கிற இடத்துக்குக் கடல் ஆராய்ச்சி நிலையம் என்று பெயர். பெயர்தான் பெரிசு. பழைய ஐஸ் கம்பெனிக் கட்டடம், தொட்டிகள், ஒரு பம்பு, ஒரு பெரியவள், அவ்வளவுதான். அதற்குப் பணம் தருவது அரசாங்கம் இல்லை. லிஃப்ட் செய்து விற்றுப் பணக்காரரான ஒரு மனிதர். "ஊரையெல்லாம் மேலே ஏத்தி விட்டாச்சு, இனிமே கீழே என்ன இருக்குன்னு பாக்கணும்" என்று சொல்லி, கடலைக் காப்பாற்றுகிற ஆராய்ச்சிக்கென்று ஒரு அறக்கட்டளை வைத்தார். அதில் விளம்பர வேலை பார்க்கிறவன் பெரியவளின் தம்பி சின்னவன். நிலையத்தைப் பற்றி லிஃப்ட்காரர் காதில் போட்டவனும் அவன்தான்.

அதனால் அக்கா சாப்பிடுகிற சாப்பாடு தன் தயவு என்று அவனுக்கு ஒரு நினைப்பு. நினைப்பு மனசுக்குள் இருந்தவரை ஒன்றுமில்லை. நேற்று ராத்திரி மேசையில் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டான்.

இன்று லிஃப்ட்காரரே நேரில் வருகிறார். தொட்டிகளைப் பார்த்துவிட்டு, இனியும் பணம் தருவதா, இத்துடன் நிறுத்துவதா என்று முடிவு செய்யப்போகிறார். நிறுத்தினால் நிலையத்துக்குப் பூட்டு.

*

காலையில் பெரியவள் படகில் போனாள். துறைமுகத்துத் தண்ணீர் தொட்டிக்கு ஆகாது, எண்ணெய் மிதக்கும். கொஞ்சம் வெளியே போய்க் கேன்களில் பிடித்து வரவேண்டும். சின்னவன் லிஃப்ட்காரரின் காரை எதிர்கொள்ள நெடுஞ்சாலைக்குப் போயிருந்தான். அப்பா வழக்கம்போல நிலையத்தில் இருந்தார். ரிட்டையர் ஆன நாளிலிருந்து பம்பைப் போடுவதும் முற்றம் பெருக்குவதும் அவர்தான். சம்பளம் கிடையாது, மகள் இடம் என்கிற பெருமைதான் சம்பளம்.

அவள் திரும்பி வந்தபோது வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, மடித்துவிட்ட கை. அம்மா போன பிறகு அந்த முகத்தில் அவள் பார்க்காத ஒரு களை.

"கண்ணை மூடிக்கிட்டு உள்ள வாம்மா."

"என்னப்பா விளையாட்டு. கை கழண்டு போகுது, கேனைப் பிடிங்க."

"அட, வாம்மா சொல்றேன்."

பின் அறைக் கதவு திறந்து கிடந்தது. நேற்றைய கோபத்தில் காலையில் பூட்டாமல் போய்விட்டேன் போல என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனாள்.

எல்லாத் தொட்டியிலும் தண்ணீர் தெளிந்து நின்றது. அடியில் வரிசையாக வைத்திருந்த டைல்கள், கழுவிக் கவிழ்த்த தட்டுகள் போல வெள்ளை வெளேரென்று இருந்தன.

"ஒரு பொட்டு அழுக்கு இருக்கா பாரு," என்றார் அப்பா. "பாசி, சிப்பி, எல்லாம் வழிச்சு எடுத்துட்டேன். சிப்பியைக் குஞ்சுலயே எடுத்துடணும்மா. விட்டா கல்லாயிடும், அப்புறம் உளி வெச்சு அடிச்சாக்கூட வராது. உன் டைல்ஸ் பூரா புடிச்சிருந்துச்சு. நல்ல நேரத்துல பாத்தேன்."

அப்பாவின் தொழில் உங்களுக்குத் தெரியும். கப்பலைக் கரையேற்றி நிறுத்தினதும் அதன் அடிவயிற்றில் ஒட்டினதையெல்லாம் இரும்புச் சுரண்டியால் எடுக்கிற வேலை. ஒட்டினது இருந்தால் கப்பல் இழுக்காது, எண்ணெயைக் குடிக்கும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து தலை நரைக்கிறவரை அதைத்தான் செய்தார். சிப்பி என்றால் அவருக்குச் சத்துரு.

மகள் சிப்பி வளர்க்கிற வேலைக்குப் போகிறாள் என்று தெரிந்த அன்று அவர் சிரித்துவிட்டார். "நான் சுரண்டிப் போட்டதை நீ பொறுக்கி வளக்கப் போறியா?" வேடிக்கைக்குத்தான் சொன்னார். அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அதற்கப்புறம் வீட்டில் வேலையைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. முன் அறையில் கூடை கூடையாகக் கிடக்கும் பெரிய சிப்பிகள்தான் ஆராய்ச்சி என்று அவராகவே நினைத்துக்கொண்டார். அவை வருகிறவர்களுக்கு வேடிக்கை காட்ட வைத்தவை. பின் அறைப் பக்கம் வராதீங்கப்பா என்று மட்டும் சொல்லியிருந்தாள். ஏன் என்று சொல்லவில்லை.

ஏன் என்று நான் சொல்கிறேன். போன கோடையில் கடல் சூடேறி இந்தப் பக்கத்துச் சிப்பிகளெல்லாம் செத்தன. செத்தால் செத்துப் போகட்டுமே என்று நினைக்காதீர்கள். சிப்பி நாள் முழுக்கத் தண்ணீரைக் குடித்துத் துப்பிக்கொண்டே இருக்கும். துப்புகிற தண்ணீர் சுத்தமாக இருக்கும். சிப்பி இல்லாத கரையோரம் சீக்கிரம் குட்டையாகிவிடும். அந்தச் சூட்டிலும் பிழைத்துக் கிடந்த கொஞ்சம் சிப்பிகளைப் பெரியவள் இடுப்பளவு சேற்றில் தேடி எடுத்து வந்தாள். அவை முட்டை விட்ட கையோடு ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. குஞ்சுகள் பிழைத்தன. சுண்ணாம்பு பூசின டைல்களில் ஒட்டி, எள்ளளவுக்கு வளர்ந்திருந்தன. பார்க்கிறவர்களுக்கு அழுக்கு. சூட்டைத் தாங்குகிற வம்சம் என்று உலகத்தில் அவளிடம் இருந்தது அந்த அழுக்கு மட்டும்தான்.

பெரியவள் கேனைக் கீழே வைத்தாள்.

"சுரண்டினதை எங்கப்பா கொட்டினீங்க?"

"வாய்க்கால்லதான். வர்றவருக்கு வாடை அடிக்கக் கூடாதுன்னு பிளீச்சிங் பவுடர் போட்டு அலசி விட்டுட்டேன்." அப்பா அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். "என்னம்மா?"

"அதுதான்ப்பா."

"எது?"

"நீங்க சுரண்டினது. அதைத்தான் நான் வளத்தேன்."

அப்பா தொட்டியைப் பார்த்தார். பிறகு முன் அறைப் பக்கம் கை காட்டினார். "கூடையில இருக்கே?"

"அது சும்மா காட்டறதுக்கு."

அவர் ஒரு வெள்ளை டைலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இடது கையில் புதிதாகக் கீறல்கள் இருந்தன. டைலை அந்தக் கையில் பிடித்துக்கொண்டு மற்ற கையால் சுரண்டியிருக்கிறார். சிப்பிக் குஞ்சின் விளிம்பு பிளேடு மாதிரி.

"நீ சொல்லவே இல்லையேம்மா," என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. கேட்டார்.

"சொல்லலை."

அப்பா மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபத்தைப் பிடித்துக்கொண்டாவது நிற்கலாம். ஒரு டைலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

*

சின்னவன் கோட்டு சூட்டோடு வந்து சேர்ந்தான். "கார் டீக்கடையில நிக்குது. மனுஷனுக்கு முட்டி வலி, கொஞ்சம் உக்காந்துட்டு வர்றாராம்." பிறகு தொட்டிகளைப் பார்த்தான். "அடடே, இப்படியில்ல இருக்கணும். இதை முன்னாடியே செஞ்சிருந்தா நேத்துச் சண்டையே..."

அக்கா தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நிறுத்தினான்.

"குஞ்சு எல்லாம் போச்சுடா," என்றாள் அவள்.

"எந்தக் குஞ்சு?"

"உன் புத்தகத்துல போட்டியே, அது."

அவன் போட்ட விளம்பரப் புத்தகத்தில் முழுப்பக்கப் படமாக ஒரு சிப்பிக் குஞ்சு உண்டு. மைக்ராஸ்கோப்பில் எடுத்தது. உள்ளங்கை அகலத்துக்கு, வெள்ளியும் ரோஸுமாக, கொள்ளை அழகு. அந்தப் படத்தை அச்சகத்தில் உட்கார்ந்து நிறம் சரிபார்த்தவன் அவன்தான். நிஜத்தில் அது எள் மாதிரி, அழுக்கு மாதிரி இருக்கும் என்று அவனுக்கும் தெரியாது.

இப்போது தெரிந்தது. அவன் முகம் வெளுத்ததற்கு அது மட்டும் காரணமில்லை. பம்பு சரியாக ஓடவில்லை என்று ஏதோ முணுமுணுத்து அப்பாவைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனான்.

பம்பு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் பேசினால் வெளியே கேட்காது.

"நான் துடைக்கத்தானேப்பா சொன்னேன். சுரண்டவா சொன்னேன்?"

"துடைச்சா போகலைடா."

நேற்று அக்கா எழுந்து போன பிறகு பின்வாசலில் அப்பாவிடம் அவன் சொன்னது இதுதான். பின் அறையை ஜன்னல் வழியாகப் பார்த்தேன், தொட்டியெல்லாம் நாசமாகக் கிடக்கிறது, இதைப் பார்த்தால் அந்த மனுஷர் வந்த வழியே போய்விடுவார், அவள் படகில் போகிற நேரத்தில் கொஞ்சம் சுத்தம் பண்ணிடுங்க. அறக்கட்டளை ஆபீஸில் இருக்கிற மாற்றுச் சாவியையும் கையோடு கொண்டுவந்து கொடுத்திருந்தான். ஆபீஸ் சாவியை அப்படி வெளியே எடுக்கக் கூடாது. எடுத்தது தெரிந்தாலே வேலை போய்விடும். அதற்கு மேல் இது.

வெகு நாள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்து கிடைத்த வேலை அது. அவன் மனைவி மாசமாக இருக்கிறாள் என்பதை நேற்றுத்தான் சொன்னான், சண்டைக்குக் கொஞ்சம் முன்னால்.

அப்பா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"நீ சொன்னதா நான் சொல்ல மாட்டேன்."

ஒரு பிள்ளை இந்த இடத்தில் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். சின்னவன் சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். "அவர் போகட்டும்ப்பா. அப்புறமா அக்காகிட்ட நானே பேசறேன்," என்றான்.

அவர் தலையாட்டினார். மகன் சொன்னதை நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்து அக்காவிடம் யோசனை சொன்னான். "கூடையில பெரிய சிப்பி இருக்குல்ல, அதைக் காட்டுவோம். குஞ்சு அடுத்த பருவத்துலன்னு சொல்லிடலாம். பொய்யே இல்லக்கா. ஒண்ணைச் சொல்லாம விடறோம், அவ்வளவுதான்."

"சொல்லாம விட்டதாலதான்டா இது நடந்துச்சு," என்றாள் அவள்.

வெளியே கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

*

லிஃப்ட்காரர் குட்டையான மனிதர். கைத்தடி வைத்திருந்தார். படிக்கட்டு இருந்தால் முறைத்துப் பார்க்கிற பழக்கம், தொழில் அப்படி. முன் அறைச் சிப்பிகளை மரியாதைக்கு ஒரு பார்வை பார்த்தார். பின் அறைக்கு வந்ததும் முகம் மலர்ந்தது.

"சுத்தமா வெச்சிருக்கீங்க. கடல் ஆராய்ச்சின்னா நாறும்னு எங்க வீட்ல பயமுறுத்தி அனுப்பினாங்க."

யாரும் சிரிக்கவில்லை. சின்னவன் மட்டும் சிரித்து வைத்தான்.

அவர் கக்கத்திலிருந்து விளம்பரப் புத்தகத்தை எடுத்து முழுப்பக்கப் படத்தை விரித்தார். தொட்டி மேல் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"இவங்க எங்கே?"

"சார், அது வந்து பருவம்..." என்று சின்னவன் ஆரம்பித்தான்.

"இல்லை சார்," என்றாள் பெரியவள். "இன்னிக்குக் காலைல வரைக்கும் இந்த டைல்ஸ்ல இருந்துச்சு. அழுக்குன்னு நினைச்சு சுரண்டிட்டோம். ஒண்ணு பாக்கியில்லை."

லிஃப்ட்காரர் புத்தகத்தை மெதுவாக மூடினார். "சுரண்டிட்டோம்னா, யாரு?"

"நான்தாங்க," என்றார் அப்பா.

அவர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார், கீறல் விழுந்த கையையும் பார்த்தார். திட்டுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் உட்கார ஒரு ஸ்டூல் கேட்டார்.

"எங்க தொழில்ல லிஃப்ட் பாதியில நின்னுபோச்சுன்னா, பட்டனை அமுக்கினது யாருன்னு நான் கேக்கறதில்லை. அமுக்கறவன் அமுக்கத்தான் செய்வான். மேலே மோட்டார் ரூம் சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னுதான் கேப்பேன்." கைத்தடியால் பின் அறைக் கதவைக் காட்டினார். "இந்தக் கதவுக்குப் பூட்டு இருக்கே."

"சாவி என்கிட்டதான் சார்," என்றாள் பெரியவள். "காலைல ஏதோ ஞாபகத்துல பூட்டாம போயிட்டேன். தப்பு என்னோடது."

அவள் உண்மை என்று நம்பித்தான் சொன்னாள். அங்கேயே விட்டிருந்தால் எல்லாம் அவள் தலையோடு போயிருக்கும். ஆனால் செய்யாத தப்பை மகள் தன் தலையில் ஏற்றிக்கொள்வதை அப்பாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"இல்லைங்க, அவ பூட்டித்தான் போனா. அதெல்லாம் சரியா செய்வா. நான்தான் சாவி போட்டுத் திறந்தேன்."

"எந்தச் சாவி?"

அப்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு பிள்ளையைத் தூக்கப்போய் இன்னொரு பிள்ளையைக் கீழே போட்டுவிட்டார்.

"இன்னொரு சாவி. அங்கே ஆணியில தொங்கிட்டு இருந்துச்சு."

"எந்த ஆணி?"

அப்பா சுவர்ப் பக்கம் பொதுவாகக் கையைக் காட்டினார்.

ஐஸ் கம்பெனிச் சுவர் அது. உள்ளே தக்கை, மேலே மெல்லிசாகச் சிமெண்டு. ஆணி அடித்தால் நிற்காது, சுவரோடு பெயர்ந்து வரும். காலண்டரைக்கூடப் பெரியவள் டேப் வைத்துத்தான் ஒட்டியிருந்தாள். அந்த அறையில் எங்கேயும் ஓர் ஆணி இல்லை.

மாற்றுச் சாவி எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளே உறையில் போட்டு அறக்கட்டளை ஆபீஸுக்கு அனுப்பிவைத்தது. பணம் தருகிற இடத்துக்கெல்லாம் ஒரு சாவி ஆபீஸில் இருக்க வேண்டும் என்பது லிஃப்ட்காரர் வைத்த சட்டம். அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். போனில் ஒன்றும் இல்லை, திரை கறுப்பாக இருந்தது.

லிஃப்ட்காரர் யாரையும் பார்க்கவில்லை. தொட்டியைத்தான் பார்த்தார்.

"திரும்ப ஆரம்பிக்க முடியுமாம்மா?"

"அந்தத் தாய்ச் சிப்பிங்க இல்லை சார். வேற சிப்பி வெச்சு ஆரம்பிக்கலாம். சூடு தாங்குமான்னு தெரியாது. தாங்காமலும் போகலாம்."

"தெரியாததுக்குத்தான் நான் காசு குடுக்கறது. தெரிஞ்சதுக்குக் குடுக்க பேங்க் இருக்கு." கைத்தடியை ஊன்றி எழுந்தார். "ஆனா மூடி மறைக்கறதுக்குக் குடுக்க மாட்டேன். அடுத்த வாரம் போர்டு கூடுது. என்ன நடந்துச்சு, எப்படி நடந்துச்சு, ரெண்டையும் எழுதி அனுப்பு. காரணம் தெரியாம ஒரு லிஃப்டைக்கூட நான் திரும்ப ஓட விட்டதில்லை."

வாசலில் சின்னவன் ஓடிப்போய்க் கார்க் கதவைத் திறந்து பிடித்தான். அவன் அவரோடுதான் ஊர் திரும்புவதாக ஏற்பாடு.

"நீ பஸ்ல வா," என்றார் லிஃப்ட்காரர்.

*

சாயங்காலம் வீட்டில் மத்தியானச் சாப்பாடு மூடி வைத்தபடியே இருந்தது. சின்னவன் பையைக் கட்டினான். கட்டினதைப் பிரித்து மறுபடியும் கட்டினான்.

பெரியவள் மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள். 'என்ன நடந்தது' என்பதைச் சீக்கிரம் எழுதிவிட்டாள். எழுத எழுத மறுபடியும் ஒருமுறை நடந்தது மாதிரி இருந்தது, ஆனாலும் எழுதிவிட்டாள். 'எப்படி நடந்தது' என்கிற இடத்தில் நின்றுவிட்டாள்.

அப்பா எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"என் பேரைப் போட்டுடும்மா. கிழவன், விவரம் தெரியாம செஞ்சுட்டான்னு எழுது. எனக்கு என்ன ஆகப்போகுது? பென்ஷனை நிறுத்திடுவாங்களா?"

"சாவி?"

"ஆணியில..."

"அப்பா."

அவர் லேப்டாப் திரையைப் பார்த்தார்.

"அவர் சாவியைத்தான்ப்பா கேட்டாரு. அதைச் சரியா எழுதினா நிலையம் பிழைக்கலாம். தப்பா எழுதினா பிழைக்காது. ஆபீஸ்ல சாவி எப்ப வெளிய போச்சுன்னு அவருக்கு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும். நான் எழுதறேனா இல்லையான்னுதான் பாக்கறாரு."

"சரியா எழுதினா?"

உள்ளே பையின் ஜிப் இழுபட்டது. மறுபடியும் இழுபட்டது.

"அங்கே ஒரு குழந்தை வரப்போகுதும்மா," என்றார் அப்பா, மிகவும் சின்னக் குரலில்.

பெரியவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. காலையில் வராதது இப்போது வந்தது. எள்ளளவு இருந்த தன்னுடைய குஞ்சுகளை அவருக்கு யாரும் இப்படி எடுத்துச் சொல்லவில்லை, சொல்ல வேண்டியவள் அவள்தான். அவர் முன்னால் அழக் கூடாது என்று எழுந்து உள்ளே போனாள். குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். அலமாரியில் மருந்து தேடினாள். சின்ன வயதில் அப்பா வேலையிலிருந்து வந்ததும் கீறல்களுக்கு மருந்து போடுவது அவள் வேலை. தம்பி பஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான், ரத்தத்தைப் பார்த்தால் அவனுக்கு ஆகாது, கண்ணை மூடிக்கொண்டே நிற்பான்.

வெளியே நாற்காலி நகர்ந்தது. யாரோ தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்கள். பிறகு வாசல் கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. அவ்வளவு மெதுவாக அந்தக் கதவை அவன் இதுவரை சாத்தியதே இல்லை.

அவள் திரும்பி வந்தபோது சின்னவனின் பை இல்லை. அப்பா அதே நாற்காலியில் இருந்தார். மேசை மேல் அவருடைய இடது கை கவிழ்ந்திருந்தது. விரல்களை நன்றாகச் சேர்த்து, எதையோ அமுக்கிப் பிடித்தது போல.

விரலிடுக்கில் ஒரு சாவி வளையம் கொஞ்சம் வெளியே தெரிந்தது. அறக்கட்டளையின் நீல அட்டை அதில் தொங்கியது.

"போயிட்டானா?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சாம்."

"ஏதாவது சொன்னானா?"

அப்பா வாயைத் திறந்தார். பிறகு இல்லை என்று தலையசைத்தார்.

பெரியவள் லேப்டாப்பைத் தள்ளி வைத்தாள். மருந்து டப்பாவைத் திறந்தாள். பஞ்சைக் கிழித்தாள்.

"கையைக் குடுங்கப்பா. மருந்து போடணும்."

அப்பா அவளைப் பார்த்தார். மேசை மேல் இருந்த கையைப் பார்த்தார். அது அசையவில்லை. கீறல்களில் ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது.

மெதுவாக மற்ற கையைத் தூக்கி, ஒரு கீறலும் இல்லாத வலது கையை, மகள் பக்கம் நீட்டினார்.